கரண்ட் போன நேரம்

ஆனைமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதன் தலைவி சௌடம்மாவுக்கு வயது நாற்பதுதான். மடத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு நூல் மில்லில் மோட்டார்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவள். சாந்தமே உருவானவள் என்று அவளைப் பற்றி யாரும் சொன்னதில்லை. தப்பைக் கண்டால் கத்துவாள். கத்தி முடித்த கையோடு சாப்பிட்டாயிற்றா என்று கேட்பாள்.

அவளிடம் சீடராக வந்து சேர்ந்தவர் ஆறுச்சாமி. தென்னந்தோப்புக்காரர், அவளைவிட இருபது வயது மூத்தவர். கோபம் மூக்கு நுனியில் குடியிருக்கிற மனுஷர். தம்பி மகள் கோகிலாவின் நிச்சயதார்த்தத்தன்று, தோப்புக் கிணற்றின் தண்ணீர் முறையை வைத்துத் தம்பி குத்தலாக ஏதோ சொல்ல, இவர் தாம்பூலத் தட்டையே தூக்கி எறிந்துவிட்டார். தேங்காய் உருண்டு போய் மாப்பிள்ளை வீட்டார் காலடியில் நின்றது. அவமானம் தாங்காமல் அன்று வீட்டை விட்டு வெளியேறியவர்தான், நேராக மடத்துக்கு வந்துவிட்டார்.

இப்போது கோகிலாவுக்குக் கல்யாணம். மறுநாள் காலை முகூர்த்தம். "பெரியப்பா வந்தாத்தான் மணவறையில உக்காருவேன். வந்து அப்பாகூடச் சண்டை போட்டா எந்திரிச்சுப் போயிருவேன்" என்று கோகிலா ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தாள். சொன்னதைச் செய்கிற பெண். அவளுக்கும் அதே குடும்பத்து ரத்தம்தானே.

மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு அடுக்க ஒரு ஸ்டாண்ட் மாட்ட வேண்டியிருந்தது. ஆறுச்சாமி டிரில்லிங் மெஷினும் கையுமாகச் சுவரோரம் நின்றார்.

"கோபமெல்லாம் போயிருச்சுங்கம்மா. வந்த நாள்லருந்து ஒருத்தரை ஒரு சொல்லு சொல்லியிருப்பனுங்களா? நாளைக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டு வரட்டுங்களா?"

"மொதல்ல ஸ்டாண்டை மாட்டுங்க. அப்பறம் பேசலாம். அந்தத் துண்டைக் கழட்டி வைங்க."

"துண்டு என்னங்கம்மா பண்ணுது?"

"சுத்தறதுல சிக்குனா கழுத்தோட இழுக்கும். கழட்டுங்க."

தோளில் துண்டில்லாமல் அவர் யார் முன்னாலும் நின்றதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றி ஜன்னலில் போட்டார். போய் வாருங்கள் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். அதற்கு எதற்குச் சுவரில் ஓட்டை போட வேண்டும்? கேட்கவில்லை. மெஷினைச் சுவரில் வைத்து அழுத்தினார்.

முதல் ஓட்டை சுலபமாக விழுந்தது. அடுத்ததில் உள்ளே கருங்கல். மெஷின் முனையிலிருந்த பிட் இறங்காமல் வெறுமனே சுற்றியது. விசையை அமுக்கிப் பிடித்துப் பிடித்து அவருக்கு விரல் வலித்தது. கைப்பிடியின் பக்கவாட்டில் இருந்த சின்னப் பட்டனைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினார். அதைத் தள்ளிவிட்டால் பிறகு விரலை எடுத்தாலும் மெஷின் நிற்காது. தானாக ஓடிக்கொண்டே இருக்கும்.

"பட்டனைப் போடாதீங்க!" என்று சத்தத்துக்கு மேல் கத்தினாள் சௌடம்மா.

"எனக்குத் தெரியுமுங்க!"

உடம்பையே சாய்த்து அழுத்தினார். அவர் மனசுக்குள் அந்தக் கல்லுக்குத் தம்பியின் முகம் இருந்தது. கல் மசியவில்லை. எரிச்சல் ஏற ஏற இன்னும் அழுத்தினார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. மெஷினும் நின்றது.

"சனியன்" என்று முனகியபடி மெஷினைச் சுவரிலிருந்து உருவி மேஜைமேல் கிடத்தினார். பிட் மழுங்கியிருந்தது. கரண்ட் வருவதற்குள் மாற்றிவிடலாம் என்று, பிட்டைக் கவ்வியிருக்கும் வாயில் அதைத் தளர்த்தும் சாவியைச் செருகி, இடது கையால் அந்த வாயைச் சுற்றி இறுகப் பிடித்தார்.

பளீரென்று அந்தக் கைமேல் ஓர் அடி விழுந்தது.

"கையை எடுங்க! அறிவிருக்குங்களா உங்களுக்கு?"

சமையல்கட்டிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. ஆறுச்சாமிக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது.

"எங்கப்பன்கூட எம்மேல கை வெச்சதில்லீங்க."

"தள்ளி நில்லுங்க. பிளக்கைப் பிடுங்கணும்."

பிளக் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் அசையவில்லை.

"தள்ள மாட்டனுங்க! துண்டைக் கழட்டுன்னீங்க, கழட்டுனேன். இப்ப அடிக்கறீங்க. ஆளாளுக்கு நான் எளக்காரமாப் போயிட்டனா?"

"வழியை விடுங்க ஐயா!"

"அன்னிக்கு அவன் என்ன சொன்னான்னு தெரியுமுங்களா உங்களுக்கு? பொழப்பத்தவன்னு சொன்னான். சபையில, சம்பந்தி முன்னாடி! தட்டை நானா எறிஞ்சேன்? அவன் வாயி எறிய வெச்சுதுங்க. நாளைக்கும் பேசுவான். பேசட்டும். மண்டபத்துல ஒரு வார்த்தை பேசட்டும், அப்பறம் பாருங்க நான்..."

தலைக்கு மேலே ஃபேன் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

அதே நொடியில் மேஜைமேல் கிடந்த மெஷின் உறுமித் துள்ளியது. செருகியிருந்த சாவி தெறித்துப் பறந்து, பருப்பு வைத்திருந்த போசிப் பாத்திரத்தில் நங்கென்று மோதியது. மெஷின் தன் ஒயரையே சுற்றி இழுத்துக்கொண்டு மேஜையில் ஆடி, கீழே விழுந்து, விழுந்த இடத்திலும் நிற்காமல் சுழன்றது. சௌடம்மா அவரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினாள்.

போசியின் வயிற்றில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஆறுச்சாமி அதைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். விரல்களை மடக்கி விரித்தார்.

"கரண்ட் போயிருந்துச்சுங்களே அம்மா. மெஷின் நின்னுருச்சேன்னுதான் கையை வெச்சேன்."

"நின்னுது. நீங்க நிறுத்துனீங்களா?"

அவள் குரலில் கோபம் இன்னும் இறங்கவில்லை. பிளக்கை இன்னும் கையிலேயே பிடித்திருந்தாள்.

"இல்லீங்க."

"உங்க தம்பி இந்த மடத்துக்கு ஒரு நாளாச்சும் வந்தாருங்களா?"

"இல்லீங்க."

"அப்பப் போனது கோபமா, கரண்ட்டா?"

ஆறுச்சாமி குனிந்து மெஷினை எடுத்தார். பட்டன் இன்னும் உள்ளேயேதான் இருந்தது. விசையை ஒருமுறை அமுக்கினார். டக்கென்று பட்டன் வெளியே வந்தது.

"தட்டை எறிஞ்சது நாந்தானுங்க" என்றார். "அவன் பேசத்தான் பேசினான். எறிஞ்சது எங்கையி."

சௌடம்மா புது பிட்டை எடுத்து நீட்டினாள். சமையல்காரர் ஒருவர் சாவியைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். ஆறுச்சாமி பிட்டை மாட்டி முறுக்கினார். மறக்காமல் சாவியைக் கழற்றி அவளிடமே கொடுத்தார்.

"நாளைக்கு மண்டபத்து வாசல்லயே அவன் நிப்பானுங்க அம்மா. என்னைப் பார்த்ததும் வாயைத் தொறப்பான்."

"தொறப்பாரு."

"நான் போலாமுங்களா, வேண்டாமுங்களா?"

அவள் தன் கையிலிருந்த பிளக்கை அவர் கையில் வைத்தாள்.

"சொருகறதுக்கு முன்னாடி பட்டனைப் பாருங்க" என்றாள்.