ஆறாவது இடத்தில் நான்கு

"என் நாலை மட்டும் ஏன் மேடம் அடிச்சுக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டபடி வந்து நின்றாள் ஜெபக்கனி.

வயது நாற்பத்தாறு. பதினாறு வருடம் நர்ஸாக இருந்தவள். இப்போது வேளச்சேரியில், ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் வேலை. கடல் தாண்டிய ஆஸ்பத்திரிகளின் கோப்புகளைப் படித்து, நோய்க்கு எண் போட வேண்டும்.

போட்ட எண்ணைத் திருத்துகிற பெனாசிருக்கு வயது இருபத்தெட்டு. குருவுக்கு நரை கட்டாயம் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. தேடிப் பார்த்தவர்கள் சொல்வது இது.

விஷத்துக்கான எண்ணுக்கு ஏழு இடம்; அதில் ஆறாவது இடம் காரணத்தைச் சொல்லும். ஒன்று, தவறுதலாக நடந்தது. இரண்டு, தனக்குத்தானே செய்துகொண்டது. மூன்று, வேண்டுமென்றே அடுத்தவர் செய்தது. நான்கு, தவறுதலா வேண்டுமென்றா என்று தீர்மானிக்க முடியவில்லை. ஐந்து, மருந்தும் சரி, அளவும் சரி, உடம்புதான் ஏற்கவில்லை.

சிவபெருமான் ஆலகாலம் உண்டதற்கு எந்த எண் என்று கேன்டீனில் ஒருநாள் பட்டிமன்றமே நடந்தது. தீர்ப்பு வரவில்லை. டீ ஆறியதுதான் மிச்சம்.

மற்ற விஷங்களுக்கெல்லாம் ஜெபக்கனி சரியாகவே போடுவாள். மரத்துப்போவதற்குப் போடுகிற ஊசி விஷமாகிவிட்டது என்றால் மட்டும், கண்ணை மூடிக்கொண்டு நான்கு. இந்த மாதத்தில் மூன்றாம் முறை.

"டாக்டர் 'தீர்மானிக்க முடியலை'ன்னு எழுதியிருக்காராக்கா?" என்றாள் பெனாசிர்.

"இல்ல. மருந்து அளவு கூடிப்போச்சுன்னு மட்டும் எழுதியிருக்கார்."

"எப்படிக் கூடுச்சுன்னு ஒண்ணும் எழுதலைன்னா, புத்தகம் என்ன சொல்லுது?"

"ஒண்ணு போடச் சொல்லுது. தவறுதல்." விதி அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். "ஆனா யார் கண்டா மேடம்? மருந்தை எடுத்துக் குடுத்தவங்க மனசுல என்ன இருந்துச்சோ!"

"எடுத்துக் குடுத்தவங்கன்னா யாரு?"



பெனாசிர் தன் கணினித் திரையை அணைத்தாள். ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் ஜெபக்கனி பக்கம் தள்ளினாள்.

"உங்ககிட்ட ஒரு கோப்பு எண் போடாமக் கிடக்கு போல. சொல்லுங்க, போட்டுடுவோம்."

"பதினொரு வருஷம் ஆச்சு மேடம்."

"அதனால என்ன? நான் என்ன கறிகாயா கேக்கிறேன், வாடிப்போச்சான்னு பாக்க?"

ஜெபக்கனி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஆம்பளை. அம்பது வயசு. முதுகுல பெரிய கொழுப்புக்கட்டி. அதை எடுக்க, டாக்டர் மரத்துப்போற மருந்துல ஒரு பர்சன்ட் கேட்டார். நான் ரெண்டு பர்சன்ட் எடுத்துக் குடுத்துட்டேன். ரெண்டு பாட்டிலும் ஒரே தட்டு, ஒரே கலர் மூடி. ஊசி போட்டு முடியறப்ப வலிப்பு வந்துடுச்சு."

"ம்."

"அன்னைக்குக் காலையில அந்த மனுசன் வார்டுல அத்தனை பேர் முன்னால என்னை நெட்டைக்கொக்குன்னு கூப்பிட்டார். எனக்குன்னா அப்படி ஒரு எரிச்சல். அந்த எரிச்சல்தான் கையை அந்தப் பாட்டிலுக்குக் கொண்டு போச்சோன்னு..."

"பாட்டில்ல எழுதியிருந்ததைப் படிச்சீங்களா?"

"படிக்கலை."

"படிச்சிருந்தா?"

"ஐயையோ! திருப்பி வச்சிருப்பேன்."

பெனாசிர் யோசிப்பவள் போலத் தலையைச் சாய்த்தாள்.

"பேசாம அஞ்சு போட்டுடுங்களேன். உடம்பு ஏத்துக்கலைன்னு."

"அது எப்படி மேடம்?" ஜெபக்கனிக்குக் கோபமே வந்துவிட்டது. "மருந்தோட அளவே தப்பு! தப்பு என்னுதுதானே? அஞ்சு எப்படி வரும்?"

"வராதுதான். அப்ப எழுதுங்க."

பென்சில் வெகுநேரம் தாளின்மேல் நின்றது. பிறகு முதல் ஐந்து இடங்களும் மளமளவென்று விழுந்தன. ஆறாவது இடத்தில் ஒன்று.

அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியது தன் கைதானா என்று அவளுக்கே ஐயம்.

"ஏழாவது?" என்றாள் பெனாசிர். சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லும் எழுத்து அங்கே வர வேண்டும். "இன்னும் சிகிச்சை நடக்குதா?"

"இல்ல. மூணாம் நாளே நடந்து வீட்டுக்குப் போயிட்டார்."

"பின்விளைவு ஏதாச்சும்?"

"ஒண்ணும் இல்ல. நான்தான் மாத்தி எடுத்தேன்னு அன்னைக்கே அவர்கிட்டச் சொல்லி அழுதுட்டேன். இப்ப கிணத்துல பேரனுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்கிறார். கிறிஸ்மஸுக்குப் போன் பண்ணா, 'என்னா நெட்டைக்கொக்கு, சௌக்கியமா'ங்கிறார்."

"சரி. ஏழாவது எழுத்து?"

ஜெபக்கனி பென்சிலை ஏழாவது இடத்துக்குக் கொண்டுபோனாள். எழுதாமல் கீழே வைத்தாள். முழுக்கக் குணமாகிவிட்ட நோய்க்கு எண் போடக் கூடாது என்பது இந்த வேலையில் முதல் வாரப் பாடம்.

"மேடம்," என்றாள், "ரப்பர் இருக்கா?"