கீழத்தெரு சுத்தமான கதை

கீழத்தெருவில் மாசானம், தவசிக்கனி, உலகு என்று மூன்று பேர். மற்றவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் கதை என்று ஒன்று நடக்க வேண்டுமே, அதற்கு இந்த மூன்று பேர் போதும்.

அன்றைக்கு ஊரைச் சுத்தம் பண்ணும் நாள். ஜெயிக்கிற தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் பரிசு. மாசானத்தின் பெண்டாட்டி பேச்சி, ஆற்று ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து சுமந்து இடுப்பு ஒடிந்தவள். விடிந்ததுமே சொல்லிவிட்டாள்: "இன்னைக்குக் குழாய் வரல, நாளையிலேர்ந்து குடம் உங்க இடுப்புலதான்."

ஊருக்குப் புதிதாக வந்த அதிகாரி ஒரே ஒரு விதிதான் வைத்தார்: "சுத்தம் பண்றதுக்கு முந்தி ஒரு படம், பண்ணி முடிச்சு ஒரு படம். ரெண்டும் வேணும். பொய் கூடாது. நாலு மணிக்கு வருவேன்."

மூன்று பேரும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார்கள். பத்து மணிக்கெல்லாம் தெருவில் சோறு போட்டுச் சாப்பிடலாம். குப்பை லாரியும் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. அப்போதுதான் உலகு செல்போனை எடுத்தார்.

"வே, முந்தின படம் எடுக்கலியே!"

"இப்ப எடுத்திரும்."

"இப்ப எடுத்தா அது பிந்தின படம்லா?"

மாசானத்துக்கு இடுப்பு இப்போதே வலித்தது. யோசித்தார். "அப்ப குப்பைய மறுபடி போட்டுத்தான் எடுக்கணும்."

"லாரி போயிட்டே!"

"மேலத்தெருவுல நெறையக் கெடக்கு. கேட்டுப் பாப்போம்."

மேலத்தெருக்காரர்கள் யார் பெருக்குவது என்று சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் சீட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். "தாராளமா எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. சாக்கடைக்குள்ளயும் கொஞ்சம் கெடக்கு, விட்டுராதீங்க."

"தங்கமான மனுசங்க," என்று மாசானம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதினோரு நடை தள்ளுவண்டி. கொண்டுவந்ததை அப்படியே கொட்டிவிட முடியுமா? இருந்த மாதிரி இருக்க வேண்டாமா?

"பிஞ்ச செருப்பு வேப்பமரத்தடியிலதான கெடந்துச்சு?"

"அது எடது கால் செருப்பு வே. இது வலது காலு."

அரைமணி நேரம் வாதாடி, செருப்பைக் குப்புறப் போட்டால் பேதம் தெரியாது என்று தீர்ப்பானது. உலகு படமெடுக்கப் போகையில் தவசிக்கனி கையைப் பிடித்தார்.

"இது மேலத்தெருக் குப்பை. நம்ம குப்பைன்னு படம் எடுத்தா பொய்யாயிராதா?"

மூன்று பேருக்கும் வேர்த்துவிட்டது. நல்லவேளை, மாசானத்துக்கு வழி தோன்றியது. ஓடிப்போய் மேலத்தெரு முனையில் இருந்த பெயர்ப்பலகையைக் காலோடு பிடுங்கிவந்து, தன் வீட்டு வாசலுக்கு எதிரே நட்டார். 'மேலத்தெரு' என்று கொட்டை எழுத்தில் தெரிய, ஒரு படம். மறுபடி பெருக்கி, மறுபடி அள்ளி, இன்னொரு படம்.

"பலகைய எடுத்திரலாமா?" என்றார் உலகு.

"குப்பை அவங்களோடதுன்னா சுத்தமும் அவங்களோடதுதான வே. இருக்கட்டும்," என்றார் தவசிக்கனி.

நாலு மணிக்கு அதிகாரி வந்தார். படங்களைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பலகையைப் படித்தார். "சந்தேகமே இல்ல. மேலத்தெருவுக்குத்தான் குழாய்!" கூட வந்த ஆட்கள் பலகைக்குப் பக்கத்திலேயே தோண்டிக் குழாயை நட்டார்கள். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் கொட்டியது.

மாசானம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "தோத்துட்டோமே வே!"

"அவங்க குப்பை அப்பேர்ப்பட்ட குப்பை," என்று தவசிக்கனி தேற்றினார்.

பேச்சி வாயெல்லாம் பல்லாகக் குடத்தோடு ஓடிவந்தாள். மாசானம் பதறிக் குறுக்கே விழுந்தார். "ஏட்டி, தொடாத! அது மேலத்தெருக் குழாய். அடுத்தவன் சொத்து!"

பேச்சி குழாயைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், கட்டினவரைப் பார்த்தாள். குடத்தை அவர் கையில் கொடுத்தாள். "போகும்போது பெரிய குடத்தையும் எடுத்துக்கிடுங்க."

மறுநாள் காலையில் ஆற்றிலிருந்து முதல் நடை வந்தார் மாசானம். வாசலில் மேலத்தெருப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது.

"எங்க குழாய் இப்படிப் பண்ணுதே அண்ணாச்சி," என்றாள் முன்னால் நின்றவள்.

"அதுக்கென்னம்மா," என்று தன் குடத்தை அவள் குடத்தில் கவிழ்த்துவிட்டு, மறுபடியும் ஆற்றுக்குப் புறப்பட்டார் மாசானம்.