வால் சிவந்த கெண்டை

அந்தக் காலத்தில் மீன்கள் பேசின. மனிதர்களும் பதில் சொன்னார்கள். காது கொடுத்துக் கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

அப்போது கருவேணி ஆற்றில் மூன்று துறைகள் இருந்தன. கடல் பக்கம் கீழத்துறை, அதற்கு மேலே நடுத்துறை, மலையடியில் மேலத்துறை. ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் கூப்பிடு தூரம். ஆனால் கூப்பிட்டுப் பேசத்தான் ஆளில்லை. மூன்று ஊர்க்காரர்களும் ஒருவருக்கொருவர் திருட்டுப் பட்டம் கட்டியே காலம் தள்ளினார்கள்.

ஆனி பிறந்து மலையில் சாரல் விழுந்ததும் ஆறு செம்மண் நிறத்தில் இறங்கும். அந்தப் புது வெள்ளத்தை எதிர்த்து, மலையடிச் சரளையில் முட்டையிடக் கெண்டைகள் ஏறும். அதற்கென்றே காத்திருந்து, மூன்று ஊர்க்காரர்களும் கரைக்குக் கரை மூங்கில் தட்டி அடைத்து, நடுவில் பறி என்னும் பிரம்புக் கூண்டை வைத்துவிடுவார்கள். சினை மீன் குழம்பு எந்த ஊரில் முதலில் கொதிக்கிறது என்பதில் அவ்வளவு பெருமை! சினையை எல்லாம் தின்று தீர்த்தால் குஞ்சு வானத்திலிருந்தா விழும்? வருஷத்துக்கு வருஷம் மீன் குறைந்தது.

கீழத்துறையில் பறி வைக்கும் பொறுப்பு பூலம்மாவுடையது. வாய்த்துடுக்குக்காரி. தண்ணீரில் இறங்கினால் நாலு ஆள் வேலை செய்வாள். இந்த வருஷமும் பறி காலியென்றால் ஊரோடு உப்பளத்துக் கூலிக்குப் போவது என்று பேச்சாகியிருந்தது. ஆற்றை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை.

முதல் வெள்ளம் வந்த காலையில் பறியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரே ஒரு கெண்டை. வயிறு முட்டச் சினை.

“பூலம்மா, என்னை விட்ரு” என்றது மீன். “எனக்குப் பின்னால நூறு பேருதான் மிச்சம். நாங்க மேல போகலேன்னா இந்த ஆத்துல இனி மீனே கிடையாது.”

“நான் விடுதேன், நடுத்துறைக்காரன் உன்னைக் குழம்பு வைப்பான். நான் வேடிக்கை பார்க்கவா?”

“அவனும் இதையேதான் சொல்லுவான். வேணும்னா போய்க் கேட்டுப் பாரு. சாயங்காலம் வரைக்கும் எங்க கூட்டம் இந்தத் தட்டிக்குக் கீழயே காத்துக் கிடக்கும். அதுக்கு மேல சினை தாங்காது.”

பூலம்மாவுக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் பறியைத் திரும்பத் தண்ணீரில் இறக்கிவிட்டு, ஈரச் சேலையோடு நடுத்துறைக்கு நடந்தாள். அங்கே தட்டி கட்டிக்கொண்டிருந்த இடும்பனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“நான் தொறந்து விட்டா மேலத்துறை குமராண்டிக்குல்லா விருந்து!” என்றான் அவன்.

மீன் சொன்னது அப்படியே பலித்ததில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனையும் இழுத்துக்கொண்டு மேலத்துறைக்குப் போனாள். குமராண்டி தன் பறியைக் கவிழ்த்துக் காட்டினான். இரண்டு நண்டுகள் விழுந்தன.

“மூணு வருஷமா இதான் நம்ம விருந்து” என்றான். “கீழ ரெண்டு ஊரும் அடைச்சு வச்சுக்கிட்டு, என்னைத் தொறக்கச் சொல்லுதியளா?”

“அப்ப யாருதான் முதல்ல தொறக்கது?” என்றான் இடும்பன்.

பூலம்மா ஆற்றின் கீழ்ப்பக்கம் கையை நீட்டினாள். “மீன் முதல்ல வாரது என் துறைக்கு. அப்ப நாந்தான் முதல்ல. தட்டியைப் பிடுங்கிட்டு ‘ஏறுது’ன்னு குரல் குடுப்பேன். அதைக் கேட்டு இடும்பண்ணே, நீரு பிடுங்கும். அவரு குரலைக் கேட்டு நீரு பிடுங்கும், குமராண்டியண்ணே.”

“நாங்க ஏமாத்திட்டா?” என்றான் குமராண்டி.

“ஏமாத்துங்க. அடுத்த வருஷம் எல்லாரும் உப்பளத்துல பார்த்துக்கிடுவோம்.”

இடும்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் துறைக்கு நடந்தான்.

கீழத்துறைக்குத் திரும்பியதும் பூலம்மா ஆற்றில் இறங்கினாள். “உனக்குப் புத்தி பிசகிப்போச்சா?” என்று சொந்த ஊரே கரையில் நின்று கத்தியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மார்பளவு வெள்ளத்தில் நடுத் தட்டியைப் பிடுங்கினாள். மூங்கில் சிலாம்பு உள்ளங்கையைக் கிழித்தது. அந்தக் கையாலேயே பறியைத் திறந்து, கெண்டையின் வாலைப் பிடித்து வெள்ளத்துக்கு எதிரே தள்ளிவிட்டாள். வாலில் ரத்தம் ஒட்டிக்கொண்டது. பின்னாலேயே மற்ற மீன்கள் அவள் இடுப்பை உரசிக்கொண்டு ஏறின.

“ஏறுதூ!” என்று கத்தினாள்.

மேலேயிருந்து சத்தமே இல்லை. “இந்நேரம் அங்க உலை வச்சிருப்பான்” என்றார் கரையில் ஒருவர். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பிடுங்கிய தட்டியை வெள்ளத்தோடு விட்டாளே தவிர, திரும்ப நடவில்லை.

“ஏறுதூ!” இடும்பனின் குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து மலையடியிலிருந்து குமராண்டியின் குரல் மெலிதாகக் கேட்டது. அதே சொல்தான். பூலம்மா வெள்ளத்தில் நின்றபடியே வாய்விட்டு அழுதாள். திட்டிய ஊர்க்காரர்களே இறங்கி மீதித் தட்டியையும் பிடுங்கிப் போட்டார்கள்.

ஆவணியில் விரல் நீளக் குஞ்சுகள் மலையடியிலிருந்து இறங்கி வந்தன. எண்ணி மாளவில்லை. அத்தனைக்கும் வால் சிவப்பு. அந்த வருஷம் உப்பளத்துக்கு யாரும் போகவில்லை.

அன்று முதல்தான் கருவேணிக் கெண்டைக்கு வால் சிவந்தது. புது வெள்ளத்தில் அந்தச் சிவப்பு கண்ணில் பட்டால், வீட்டில் எவ்வளவு பசி இருந்தாலும், மூன்று துறைக்காரர்களும் வெறும் பறியைத் தூக்கிக் கரையில் கவிழ்த்து, மீனுக்கு வழி விடுகிறார்கள்.