நடுவில் உட்கார்ந்துவிடும் பாட்டு

"மிஸ், எங்க பாட்டு நடுவுல உட்கார்ந்துடுது" என்றார் பூவராகன்.

டோரீன் மிஸ் கதவைப் பிடித்தபடி அவரை மேலும் கீழும் பார்த்தார். பெரம்பூரில் ஜோடி நடனம் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் ஆசிரியை. பூவராகனைவிட நான்கு வயது சின்னவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் மிஸ். அவருக்கு எல்லோரும் 'மேன்'.

"பாட்டுக்கும் மூட்டுவலியா மேன்? உள்ள வா."

பூவராகனுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தெட்டு வருடம் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். இப்போது இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு குழு ஆரம்பித்திருந்தார். 'ஓவர்டைம்' என்று பெயர். பழைய காலத்து ஆங்கில சோல், ராக் பாட்டுகள். அந்த ஜாடையிலேயே தாங்களாகக் கட்டிய பாட்டு நான்கு.

எல்லோருமே பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஆஷ்லி ஓட்டல்களில் கிட்டார் வாசித்தவர். ஸ்டெல்லாவுக்குத் தேவாலயத்து ஆர்கன். பாடுகிற இருதயராஜ் இருபத்தைந்து வருடம் யார் யாருக்கோ பின்னால் நின்று கோரஸ் பாடியவர்.

"தப்புத் தப்பா வாசிக்கிறீங்களா?"

"ஒரு சுரம் பிசகாது மிஸ்."

"அப்ப சண்டையா?"

"சேச்சே. அவ்வளவு மரியாதை. இருதயராஜ் அண்ணன் வாயைத் திறக்காம நான் குச்சியை இறக்க மாட்டேன். ஆரம்பத்துல ஜோரா ஓடும். ரெண்டாவது சரணத்துல பார்த்தா சவ ஊர்வலம்."

"சாவு மேளத்துக்காவது ஆடலாமே மேன்."

பூவராகன் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை சாயங்காலம் ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹால்ல எங்க முதல் கச்சேரி. மூணு பாட்டுக்குள்ள யாரும் எழுந்து ஆடலேன்னா டிஜே-வைப் போட்டுடுவோம்னு கமிட்டியில சொல்லிட்டாங்க."

"போட்டா போடட்டும்."

"இல்ல மிஸ். இத்தனை வருஷம் அடுத்தவங்க குழுவுல வாசிச்சாச்சு. இது எங்களோடது. இதுவும் படுத்துட்டா டிரம்ஸ் பரண்மேலதான்."

மிஸ் நாற்காலிகளைச் சுவர் ஓரமாகத் தள்ளினார்.

"வா. ஆடலாம்."

"எனக்கு ஆடத் தெரியாதே!"

"நாலு வரைக்கும் எண்ணத் தெரியுமில்ல?"

"அது தெரியும்."

பாட்டு எதுவும் போடவில்லை. மிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சுற்ற ஆரம்பித்தார்கள்.

மிதித்துவிடக் கூடாதே என்று பூவராகன் மிஸ்ஸின் காலையே பார்த்தார். அது நகர்ந்தால் இவர் நகர்ந்தார்.

இரண்டு சுற்று போனது. இப்போது மிஸ்ஸும் குனிந்து பூவராகனின் காலைப் பார்க்க ஆரம்பித்தார். அது நகர்ந்தால் அவர் நகர்ந்தார்.

நான்காவது சுற்று மாட்டுவண்டி மாதிரி போனது. ஐந்தாவது முடியவேயில்லை. இருவரும் கூடத்தின் நடுவில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

"யாரு மேன் நிறுத்தினது?"

"நான் நிறுத்தல மிஸ்."

"நானும் நிறுத்தல."

பூவராகன் தரையைப் பார்த்தார். பிறகு மிஸ்ஸைப் பார்த்தார்.

மிஸ் நாற்காலிகளைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு, டீ போடப் போனார்.

சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது.

முதல் பாட்டு ஜோராக ஆரம்பித்தது. முப்பத்தெட்டு வருடப் பழக்கம். பூவராகனின் கண் தானாகவே இருதயராஜின் தோள்பட்டைக்குப் போனது. தோள் ஏறினால் குச்சி ஏறியது. இரண்டாவது சரணத்தில் பாட்டு உட்கார்ந்துவிட்டது.

இரண்டாவது பாட்டும் அதே கதிதான். ஒரே ஒருவர் எழுந்தார். அவரும் கட்லெட் எடுக்கப் போனார்.

கமிட்டிச் செயலாளர் டிஜே பையனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

மூன்றாவது, அவர்கள் சொந்தமாகக் கட்டிய பாட்டு. பூவராகன் எழுந்தார். ஸ்டூலை ஒரு முழம் நகர்த்திப் போட்டார். அங்கிருந்து பார்த்தால் ஹால் தெரிந்தது. இருதயராஜ் தெரியவில்லை.

நாலு வரைக்கும் எண்ணி அடித்தார்.

இரண்டாவது சரணம் வந்தது. இருதயராஜ் வழக்கம்போல மூச்சு வாங்கினார். வழக்கம்போல டிரம்ஸ் காத்திருக்கும் என்று நின்றார்.

டிரம்ஸ் காத்திருக்கவில்லை.

ஆஷ்லி திடுக்கிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி கிட்டாரோடு பின்னால் ஓடினார். ஸ்டெல்லா "ஏசப்பா!" என்று சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் ஆர்கன்மேல் போட்டார்.

ஹாலில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒரு ஜோடி எழுந்தது. பிறகு ஒரு வரிசையே எழுந்தது. டோரீன் மிஸ் கமிட்டிச் செயலாளரின் கையைப் பிடித்து நடுவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

முக்கால் வரி பின்தங்கிப்போன இருதயராஜ் முகம் சிவந்து திரும்பினார்.

"டேய் பூவராகா, நான் இங்க நிக்கிறேன்டா!" என்று மைக்கிலேயே கத்தினார்.

"வாங்கண்ணே" என்றார் பூவராகன், கையை நிறுத்தாமல்.