பசையாய் வந்த பாஸ்தா

ரோமில் மதர் ஆரோக்கியத்திடம் தியானம் பழக வந்திருந்தாள் ஸ்டெல்லா. கூடவே மகள் செரின். நான்கைந்து பல் முளைத்த பிள்ளை.

தியானத்தில் ஸ்டெல்லா கண்ணை மூடவே மாட்டாள். மூடினால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம்.

ஒரு மாலை மதர் இருவரையும் பழைய டிராட்டோரியா ஒன்றுக்கு அழைத்துப் போனார். ரொசெல்லா என்ற அம்மாள் தானே சமைத்துப் பரிமாறும் சின்ன சாப்பாட்டுக் கடை அது.

விரல் தடிமனில், குழல் குழலாகப் பாஸ்தா வந்தது. ஸ்டெல்லா ஒன்றைக் கடித்தாள்.

"ஊரே புகழ்ற கடைன்னீங்களே மதர். வேகவே இல்லை."

"இங்கே இப்படித்தான். பல்லுக்குத் தட்டுப்படணும்."

"பாப்பா எப்படித் தின்பா? பருப்பு சாதம் மாதிரி குழைய வேக வைக்கச் சொல்லுங்களேன்."

மதர் இத்தாலிய மொழியில் சொன்னார். ரொசெல்லா ஸ்டெல்லாவின் தட்டை உள்ளே எடுத்துப் போய், மறுபடி வேக வைத்துக் கொண்டுவந்தாள். ஸ்டெல்லா நசுக்கிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

இந்த முறை ரொசெல்லா கரண்டியை ஆட்டிக்கொண்டு ஏதோ கத்தினாள்.

"என்ன சொல்றாங்க மதர்?"

"சுவத்துல போஸ்டர் ஒட்டப் போறீங்களான்னு கேக்குறா."

கடைசியில் வந்தது பசைதான். ஸ்டெல்லா ஊட்டினாள். செரின் வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். கரண்டி கன்னத்தில் இடித்தது.

"எது கொடுத்தாலும் இப்படித்தான். எடை குறைஞ்சுக்கிட்டே போகுது, டாக்டர் திட்டுறார். எல்லாத்தையும் மசிச்சு, வடிகட்டித்தானே கொடுக்கிறேன்? நான் என்ன தப்பு பண்றேன், மதர்?"

மதர் தன் தட்டிலிருந்து, குழையாத குழல் ஒன்றை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தார்.

ஸ்டெல்லா பிடுங்கப் பாய்ந்தாள். மதர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

செரின் நுனியைக் கடித்தாள். குமட்டினாள். துப்பினாள். மறுபடி கடித்து மென்றாள்.

"தொண்டையில சிக்கிடும் மதர்!"

"பக்கத்துலதானே இருக்கோம். பார்த்துக்கிட்டே இரு."

"இன்னிக்கு இருக்கோம். திடீர்னு ஒருநாள் நான் இல்லாமப் போயிட்டா? ராத்திரியெல்லாம் அதுதான் மண்டைக்குள்ள ஓடுது. அப்போ இவளுக்கு யார் மசிச்சுக் கொடுப்பா?"

மதர் அவள் கையை விட்டார்.

"அதான் சொல்றேன். நீ இருக்கும்போதே மெல்லட்டும்."