ஐந்து இருபதுக்கு விட்டுப்போன ஆள்

"ஊரெல்லாம் ஓடுது. என் வீட்டுல மட்டும் ஏம்மா வைஃபை சாகுது?"

கேட்டுக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தார் கோமதிநாயகம். வயது அறுபத்திரண்டு. மூச்சு வாங்கியது.

படிக்கு மேலே எஸ்தரின் கடை. இணைய இணைப்பு கொடுப்பார், ரவுட்டர் பழுது பார்ப்பார். அவருக்கு வயது இருபத்தேழு. பாளையங்கோட்டையில் பாதிப் பேர் அவரைச் சிக்னலம்மா என்றுதான் சொல்வார்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவரிடம் கிடையாது. அதனால் இந்தக் கதையைச் சொல்லும் நான் அவரைக் குரு என்கிறேன்.

"உக்காருங்க சார். தண்ணி குடிங்க."

"தண்ணி வேண்டாம். நல்ல பெரிய ரவுட்டரா ஒண்ணு குடு. நாலு கொம்பு, ஆறு கொம்பு, எத்தன கொம்பு இருந்தாலும் சரி."

"யாருக்கு இவ்வளவு அவசரம்?"

கோமதிநாயகம் உட்கார்ந்தார்.

அவசரம் அவர் மனைவிக்கு. சண்முகவடிவு தமிழ் எம்.ஏ. முடித்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு இட்லி, பிள்ளைகள், மாமியார், மறுபடியும் இட்லி. ஐம்பத்தெட்டு வயதில் இப்போதுதான் முதல் வேலை கிடைத்திருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் ஆறு பிள்ளைகளுக்குக் கணினி வழியாகத் தமிழ் வகுப்பு. வார நாட்களில் மாலை ஐந்து முதல் ஐந்தரை வரை.

"அஞ்சு இருபது ஆச்சுன்னா படம் அப்படியே நின்னுருதும்மா. 'ழ' சொல்லிக்குடுக்க வாயத் தொறப்பா. தொறந்த வாய் தொறந்தபடி மூணு நிமிஷம். பிள்ளைக அதப் படம் பிடிச்சு ஒண்ணுக்கொண்ணு அனுப்பிச் சிரிக்குதுக."

"சரி."

"என்ன சரி? வகுப்ப ஏற்பாடு பண்ணுனவங்க இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பாங்களாம். அப்புறம் வேற டீச்சராம். இன்னைக்குச் செவ்வாய்."

"அவங்க என்ன சொல்லுதாங்க?"

"வடிவா? நேத்து கணினிய மூடிட்டுச் சும்மா உக்காந்திருந்தா. எனக்குப் பாக்கவே முடியல. தெனமும் அந்த நேரத்துக்கு நான் சூடா சுக்குக் காபி கொண்டுபோய்க் குடுக்கேனோ, ஏதோ அந்த ஒரு ஆறுதலாவது இருக்கு."

எஸ்தர் ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"தரையில உங்க வீட்ட வரைங்க."

கோமதிநாயகம் மின்வாரியத்தில் முப்பது வருடம் வரைபடம் போட்டவர். முட்டி போட்டு உட்கார்ந்து அளவு பிசகாமல் வரைந்தார். முன்னறை. படுக்கையறை. சமையலறை. அதை ஒட்டிய சாப்பாட்டு அறை.

"அவங்க எங்க உக்காந்து பாடம் எடுக்காங்க?"

"சாப்பாட்டு மேசையில. அடுக்களைச் சுவருக்கு இந்தப் பக்கம்."

"ரவுட்டர்?"

"அடுக்களையில. ஃபிரிஜ் மேல."

"அங்க எதுக்கு வச்சிருக்கிய?"

"அது தென்கிழக்கும்மா. அக்னி மூலை. கரண்டுல ஓடுறது, சூடாகுறது எல்லாம் அங்கதான் இருக்கணும். நாள் பாத்து வச்சேன்."

"அதுக்கு முன்னால என்னமோ வட்டம் வட்டமா வரைஞ்சிருக்கிய?"

"எவர்சில்வர் குடம். மூணு. எங்க கல்யாணத்துல வந்தது."

"பக்கத்துல இந்தப் பெட்டி?"

"மைக்ரோவேவ் ஓவன். நான் ரிட்டையர் ஆனப்ப ஆபீஸ்ல குடுத்தாங்க. வடிவு அதத் தொடவே மாட்டா."

எஸ்தர் எழுந்தார். கடை மூலையில் ஒரு இரும்பு பீரோ நின்றது. அதன் பின்னால் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"என்னம்மா?"

மறுபடியும் முணுமுணுப்பு.

"கேக்கலியே! வெளிய வந்து சொல்லு!"

எஸ்தர் வெளியே வந்தார்.

"உங்க ரவுட்டரும் ஃபிரிஜ் மேல நின்னு இதத்தான் சொல்லிட்டு இருக்கு."

கோமதிநாயகம் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டினார். புது ரவுட்டர் வாங்காமலே படி இறங்கினார்.

அன்று மத்தியானமே ரவுட்டர் அக்னி மூலையை விட்டுப் புறப்பட்டது. வீட்டு நடுவில், ஆள் உயரத்தில் ஒரு பலகை அடித்து அதில் ஏற்றினார். வாஸ்துவிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். கணினியில் ஒரு கோடு காட்டிய இடத்தில் நான்கு கோடும் நிறைந்தது.

ஐந்து இருபதுக்குப் படம் நின்றது.

புதன்கிழமை காலை.

"நாலு கோடும் இருக்கு. அப்பவும் சாகுது. இது செய்வினையா இருக்குமோ?"

எஸ்தர் ஒரு பழைய ரவுட்டரைத் திருகிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"சார், தாலி கட்டுற நேரத்துல கெட்டிமேளம் கொட்டுவாங்க. அப்ப பக்கத்துல இருக்கவர் ஏதாவது சொன்னாக் கேக்குமா?"

"எப்படிக் கேக்கும்?"

"அவருக்குத் தொண்ட சரியில்லையோ?"

"தொண்டைக்கு என்ன? மேளச் சத்தத்துல கேக்காது."

"அப்ப அவருக்கு ஒரு மைக் வாங்கிக் குடுப்பமா?"

கோமதிநாயகம் யோசித்தார். மெல்ல எழுந்தார்.

"அஞ்சு இருபதுக்கு எவனோ மேளம் கொட்டுதான்."

"யாருன்னு பாருங்க."

பார்த்தார். அவர் பார்த்த பார்வையில் அந்தக் குடியிருப்பே கதிகலங்கியது.

மேல்வீட்டில் குழந்தையின் தொட்டிலைக் காட்டும் கேமராவை நிறுத்தச் சொன்னார். எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்ணின் கம்பியில்லாப் பாட்டுப் பெட்டியை நிறுத்தினார். பக்கத்து வீட்டு ரவுட்டரும் தன் ரவுட்டரும் ஒரே அலைத் தடத்தில் போவதைக் கண்டுபிடித்து, தன்னுடையதை வேறு தடத்துக்கு மாற்றினார். சொந்த வீட்டுக் கம்பியில்லாத் தொலைபேசியைப் போர்வையில் சுற்றி ஓரமாக வைத்தார். அதை அணைத்தாலே போதும். ஆனாலும் ஒரு திருப்திக்குச் சுற்றினார்.

நாலே முக்காலுக்கு அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு அமைதி. புறா கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் கூவியது.

ஐந்து இருபதுக்குப் படம் நின்றது.

வியாழக்கிழமை காலை கோமதிநாயகம் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். கோபம் தீர்ந்துபோயிருந்தது. கவலைதான் மிச்சம்.

"எல்லாரையும் நிறுத்திட்டேம்மா."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும். மேல்வீட்டம்மா என்கூடப் பேச மாட்டேங்காங்க."

எஸ்தர் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார்.

"இன்னைக்கு யாரையும் நிறுத்தாதீங்க. அஞ்சுலேருந்து அஞ்சரை வரைக்கும் உங்க வீட்டச் சுத்தி யாரு என்ன செய்யுதாங்கன்னு எழுதுங்க. அவ்வளவுதான்."

"எழுதுனாச் சரியாயிருமா?"

எஸ்தர் திருப்புளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நோட்டு வந்து சேர்ந்தது. கோமதிநாயகம் அலுவலகப் பழக்கத்தில் கோடு போட்டு எழுதியிருந்தார்.

5.00 வடிவு வகுப்பு தொடக்கம்.

5.04 மேல்வீட்டுக் குழந்தை அழுகை.

5.09 துணி தேய்ப்பவர் வந்து மணி அடித்தார். அனுப்பிவிட்டேன்.

5.13 எதிர்வீட்டில் பாட்டு.

5.17 பால்காரர்.

5.20 படம் நின்றது.

5.23 படம் வந்தது.

எஸ்தர் இரண்டு தடவை படித்தார். ஐந்து இருபதுக்குப் பக்கத்தில் தாளில் ஒரு பழுப்பு வட்டம் இருந்தது, கோப்பையை வைத்து எடுத்தது போல. மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார்.

"சுக்கா?"

"ஆமா. கொஞ்சம் சிந்திருச்சு."

எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கிய சார். ஒரே ஒரு ஆள் விட்டுப்போச்சு."

"யாரு?"

"அஞ்சு இருபதுக்கு வருவாங்க. இன்னைக்குப் பிடிச்சிருங்க."

"இன்னைக்குத்தாம்மா கடைசி! இப்பவே பேரச் சொல்லிரேன்."

"நான் சொன்னா நம்ப மாட்டிய."

மாலை நாலரைக்கே கோமதிநாயகம் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மடியில் நோட்டு. அங்கிருந்து பார்த்தால் வாசல் கதவும் தெரியும், பின்கதவும் தெரியும். எவன் வந்தாலும் தப்ப முடியாது.

சாப்பாட்டு அறையிலிருந்து வடிவின் குரல் கேட்டது. இன்றைக்கு வகுப்பை ஏற்பாடு செய்தவரும் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"நாக்கை நல்லா மடிங்க கண்ணுகளா. ம், சொல்லுங்க. பழம்."

"பளம்," என்றன சிங்கப்பூரிலிருந்து ஆறு குரல்கள்.

"இன்னும் மடிங்க. பழம்."

"பளம்."

5.16. யாரும் வரவில்லை.

5.18. யாரும் வரவில்லை.

5.19. பின்கதவு வழியாக ஒரு பூனை எட்டிப் பார்த்தது. பூனை என்று எழுதிக்கொண்டார்.

உள்ளே வடிவு இருமினார்.

பாவம், தொண்டை காய்ந்துவிட்டது. கோமதிநாயகம் நோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். அடுப்புப் பக்கம் அவருக்கு அனுமதி இல்லை. ஒரு முறை பால் வைத்துப் பாத்திரத்தையே கரியாக்கியவர். அவருக்குத் தெரிந்த ஒரே சமையல் இதுதான். காலையில் வடிவு போட்டு வைத்த சுக்குக் காபியைப் பீங்கான் கோப்பையில் ஊற்றினார். ஓவனில் வைத்தார். மூன்று நிமிடத்துக்குப் பொத்தானை அழுத்தினார்.

ஓவன் உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது.

"பழ..." என்று தொடங்கிய பிள்ளைக் குரல் பாதியில் அறுந்தது.

"கண்ணுகளா? கேக்குதா? ஹலோ?"

கோமதிநாயகம் சட்டென்று திரும்பினார், வந்தவனைப் பிடிக்க.

வாசலில் யாரும் இல்லை. பின்கதவில் யாரும் இல்லை. பூனையும் போய்விட்டது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது. அதன் மேல் நோட்டு.

முதுகுக்குப் பின்னால் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் மெதுவாகத் திரும்பி ஓவனைப் பார்த்தார். பிறகு தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார்.

படக்கென்று ஓவன் கதவைத் திறந்தார். உறுமல் நின்றது.

"...ழம்! டீச்சர், பழம்! சரியா?"

"சரி கண்ணு! ரொம்பச் சரி! அடுத்தவங்க சொல்லுங்க."

"பழம்!"

"பழம்!"

கோமதிநாயகம் கோப்பையும் கையுமாக நின்று ஆறு பழத்தையும் எண்ணினார். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றி, இரண்டே எழுத்து எழுதினார்.

ஐந்தரைக்கு வடிவு வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கேட்டியளா? ஆறு பேருக்கும் வந்துருச்சு! இன்னைக்கு நிக்கவே இல்லங்க. ஒரு நொடி போச்சு, உடனே வந்துருச்சு. எங்க என் காபி?"

கோமதிநாயகம் கோப்பையை நீட்டினார். வடிவு ஒரு மடக்குக் குடித்தார்.

"என்னங்க இது, பச்சத்தண்ணியா இருக்கு?"

அவர் நோட்டைத் திறந்து கையில் கொடுத்தார்.

வடிவு வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார். குழந்தை. பாட்டு. பால்காரர். பூனை.

5.20 நான்.

வடிவு ஓவனைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் ஆறிப்போன காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார்.

"திங்கக்கிழமையும் இப்படியே குடுங்க."