செம்பாசிக்கு எழுதிய சீட்டு

மண்டபம் ஊருக்குத் தெற்கே, முழங்கால் ஆழக் கடலில் ஒரு பவளக்கல் இருந்ததாம். அதன் ஓரத்தில் ஒரு மரிக்கொழுந்துப் பாசி குடியிருந்தது. இனத்தில் அது செம்பாசி. ஆனால் தண்ணீர் வற்றும்போதெல்லாம் வெயிலில் கிடந்து கிடந்து, பழுத்த இலை மாதிரி மஞ்சளாகிவிட்டது.

பவளத்தைப் போர்த்திச் சாகடிக்கும் அந்நியப் பாசி ஒன்றைப் பிடுங்கி எறிய, அன்று ஒரு படகு வந்தது. அதிகாரி தயாளன் இறங்கினார். பாசி எடுப்பதே தொழிலான முத்துராக்கு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பின்னால் இறங்கினாள். தயாளன் கையில் ஒரு புத்தகம், ஒரு பூதக்கண்ணாடி, எழுதாத சீட்டு ஒன்று.

புத்தகம் பாசியைப் பார்த்ததும் சொல்லிவிட்டது: "செம்பாசி என்றால் சிவப்பு. இது மஞ்சள். அந்நியன்தான், பிடுங்கலாம்."

"யோவ், ஒரு மாசம் இந்த வெயில்ல கிடந்து பாரு. உன் அட்டையே வெளுத்துப்போகும்!" என்றது பாசி.

பூதக்கண்ணாடி ஒரே ஒரு நுனியை உற்றுப் பார்த்து, "அடேயப்பா, என்ன அழகு!" என்றது.

"அழகு கிடக்கட்டும். நான் யாருன்னு சொல்லித் தொலையேன்."

"அதுக்கு முழுசா பார்க்கணும். அவ்வளவு தூரம் தள்ளி நின்னா எனக்குக் கண்ணே தெரியாது."

பவளக்கல்லுக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை வருஷமா என் மேலதான் இருக்கான். ஓரமா ஒட்டியிருக்கானே தவிர, ஒரு நாள் என் முகத்தை மூடினதில்லை. என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்!"

"நீ வேற அத்தியாயம்," என்றது புத்தகம்.

"யாரா இருந்தா என்னப்பா? ஏதாவது ஒரு பேரை எழுதுங்க. நான் சும்மா நனையுறேன்," என்றது சீட்டு.

இவை பேசியது எதுவும் தயாளனுக்குக் கேட்கவில்லை. "அக்கா, இதையும் பிடுங்குங்க," என்றார்.

"சார், இது நம்ம மரிக்கொழுந்து சார்."

"சிவப்பா இல்லையேக்கா?"

"வெயில் சார். காலையில படகேறும்போது நீங்களும் வேற நிறம்தான்."

முத்துராக்கு விரல் துணியை அவிழ்த்து, பாசியை மெல்ல விலக்கிக் காட்டினாள். கல்லின் நிழலில் இருந்த அடிப்பக்கம் நல்ல கருஞ்சிவப்பு.

"அப்பாடா! பிழைச்சேன்," என்றது பாசி.

தயாளனுக்கும் ஒரே சந்தோஷம். "செம்பாசியேதான்! ஆதாரத்துக்கு ஒண்ணு எடுத்துக்கிறேன்."

"நுனியைக் கிள்ளிக்கங்க சார். வேரை விட்டுட்டா திரும்பத் தழைக்கும். நாங்க அப்படித்தான் எடுப்போம்."

"முழுசா இருந்தாத்தான்க்கா ஆதாரம் செல்லும்," என்று சொல்லி, அடியோடு பெயர்த்தார்.

"ஐயோ, என் வேர்!" என்று அலறியது பாசி.

"பாசிக்கு வேர் கிடையாது. பற்றுறுப்பு என்று சொல்," என்று திருத்தியது புத்தகம்.

கரையில், அதே புத்தகத்தின் இரண்டு பக்கங்களுக்கு நடுவில் பாசியை வைத்து அழுத்தினார்கள். பக்கத்தில் ஒட்டிய சீட்டு பெருமையாக வாசித்தது: "செம்பாசி. நம் கடலின் இனம். வாழிடம்: பவளக்கல். பாதுகாக்க வேண்டியது. எல்லாம் சரிதானே?"

"எல்லாம் சரி," என்றது பாசி. "வாழிடம்தான் தெரிஞ்சுபோச்சே. அங்கேயே கொண்டுபோய் விடு."